முப்பது கொடுத்தால் மூன்று வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2024 ஜூலையில் இலங்கையில் குறைந்தபட்ச பஸ் கட்டணம் 30 ரூபாவிலிருந்து 28 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அது 27 ஆனது. குறைந்த அந்த மூன்று ரூபா, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துப் பயணியின் கைக்கு வந்து சேர்ந்ததா? தலவாக்கலையிலோ நோர்வூட்டிலோ பஸ்ஸில் ஏறி மூன்று பத்து ரூபாக் குத்திகளை (நாணயங்களை) நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் "சில்லறை இல்லை" என்ற சொல்தான் மிச்சமாகக் கிடைக்கும். கட்டணம் பிறகு ஏறலாம், இறங்கலாம். ஆனால் அது பத்தின் மடங்கில் வந்து நிற்பது அபூர்வம். ஏழிலோ எட்டிலோ முடிகிற எந்தக் கட்டணமும் ஒரு ரூபாவோ இரண்டு ரூபாவோ கைமாறினால்தான் நேராகத் தீரும்.

மூன்று ரூபாவுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. போக ஒன்று, வர ஒன்று என நாளுக்கு இரண்டு பயணம். விடுபடுவது 6 ரூபா. மாதத்தில் 25 நாள் என்றால் 150 ரூபா. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், ஒரே வீட்டிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மூவர் என்றால் 450 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, பஸ் படிக்கட்டிலேயே மாதந்தோறும் உதிர்ந்துவிடுகிறது. கடையில் உதிர்வது தனி.

நடத்துநர்மீது மட்டும் பழி போடுவது சரியல்ல. 27 ரூபாக் கட்டணத்துக்கு ஐம்பது பேர் ஏறி ஆளுக்கு 30 ரூபா கொடுத்தால், அவர் திருப்ப வேண்டியது 150 ரூபா: ஐம்பது ஒரு ரூபாக் குத்தியும் ஐம்பது இரண்டு ரூபாக் குத்தியும். ஒரே ஓட்டத்துக்கு இவ்வளவு. பயணிகள் அவரிடம் தருவது பத்து, இருபது, நூறு, ஆயிரம். ஒரு ரூபாவை யாரும் தருவதில்லை. ஆகவே சின்னக் குத்தி அவருடைய பையிலிருந்து வெளியே மட்டுமே போகிறது, உள்ளே வருவதில்லை. காலை முதல் ஓட்டத்திலேயே பை காலியானால் மீதி நாள் முழுக்க ஒரே பதில்தான். மனம் வைத்துச் சில்லறை தேடி வைத்திருக்கும் நடத்துநர்களும் இருக்கிறார்கள். சில்லறை இல்லாததைப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினருக்கு உதவியும் இரண்டாம் வகையினருக்குக் கண்டிப்பும் தேவை.

பயணி செய்யக்கூடியது ஒன்று உண்டு. 27 ரூபாக் கட்டணத்துக்கு 30 கொடுக்காமல் 32 கொடுங்கள்: ஓர் இருபது ரூபாத் தாள், ஒரு பத்து ரூபாக் குத்தி, ஓர் இரண்டு ரூபாக் குத்தி. நடத்துநர் திருப்ப வேண்டியது ஒரே ஓர் ஐந்து ரூபாக் குத்தி. ஐந்து ரூபா அவரிடம் பெரும்பாலும் இருக்கும், இரண்டு ரூபாவும் அவருடைய பைக்குள் போய்ச் சேரும். இருவர் சேர்ந்து போனால் கட்டணம் 54. ஐம்பது தாளும் ஐந்து குத்தியும் கொடுத்தால் வர வேண்டியது ஒரு ரூபா மட்டும். தனித்தனியாக முப்பது முப்பதாகக் கொடுத்தால் ஆறு ரூபா கேட்டு நிற்க வேண்டும்.

இதற்கு மடிப்பையில் என்ன இருக்க வேண்டும்? எட்டே எட்டு உருப்படி போதும். ஒரு ரூபா ஒன்று, இரண்டு ரூபா இரண்டு, ஐந்து ஒன்று, பத்து ஒன்று, இருபது இரண்டு, ஐம்பது ஒன்று. மொத்தம் 110 ரூபா. இந்த எட்டையும் கொண்டு 1 ரூபாவிலிருந்து 110 ரூபா வரை எந்தத் தொகையையும் மிச்சம் கேட்காமல் அச்சொட்டாகக் கொடுக்கலாம். 27க்கு இருபது, ஐந்து, இரண்டு. 73க்கு ஐம்பது, இருபது, இரண்டு, ஒன்று. 99க்கு ஐம்பது, இரண்டு இருபது, ஐந்து, இரண்டு இரண்டுகள். இரண்டு ரூபாவில் ஒன்றை விட்டுவிட்டால் நான்கும் ஒன்பதும் வராது. இருபதில் ஒன்றை விட்டால் நாற்பத்தொன்றும் தொண்ணூற்றொன்றும் வராது. எட்டுக்குக் குறையக் கூடாது. செலவான குத்தியை அன்று மாலையே கடையில் கேட்டு ஈடுசெய்து வைத்தால் மறுநாளும் பை நிறைவாக இருக்கும்.

கடை விவகாரம் வேறு. அங்கே சிக்கல் தராசில் தொடங்குகிறது. பருப்பு கிலோ 290 ரூபா என்று எழுதி வைத்தால் கால் கிலோ 72 ரூபா 50 சதம். சதக் குத்தி கையில் புழங்குவதில்லை. விலையில் மட்டும் இருக்கிறது. எனவே 73 என்பார்கள், சில இடங்களில் 75 என்பார்கள். இதைத் தவிர்க்க எளிய வழி, கால் கிலோவாக விற்கும் பொருளுக்குக் கிலோ விலையை 40இன் மடங்கில் வைப்பது. 280 என்றால் கால் கிலோ 70, அரைக் கிலோ 140. 320 என்றால் 80, 160. எல்லாம் பத்தில் முடியும். ஒன்றும் இரண்டும் தேடவே வேண்டாம். மடங்கில் கொண்டுவர விலையைக் கீழே இறக்க வேண்டுமே தவிர, மேலே ஏற்றக் கூடாது. உச்ச விலை குறிக்கப்பட்ட பொருளென்றால் அதைத் தாண்டுவது சட்டப்படியே குற்றம். மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள் போன்றவற்றை 50 கிராம், 100 கிராமாகத்தான் வாங்குகிறார்கள். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொட்டலமாகக் கட்டி, பொட்டலத்துக்கே 5இன் மடங்கில் விலை வைப்பது நல்லது.

மிச்சத்துக்குப் பதில் டொபி கொடுப்பது வியாபாரமல்ல. கேட்காத பொருளை விற்பது அது. அந்த டொபியை மறுநாள் கொண்டுபோய் உப்புக்கு விலையாகக் கொடுத்தால் எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார். நெருப்புப்பெட்டியும் அப்படித்தான். தோட்டத்துக் கடைகளில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் கடன் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது. குத்தி இல்லாத நேரத்தில் அந்த இரண்டு மூன்று ரூபாவை அதே பக்கத்தில் கழித்து எழுதினால் போதும். ஒரு கோடு போடும் வேலைதான். கொப்பி இல்லாத வாடிக்கையாளருக்கு மிச்சத் தொகையும் திகதியும் எழுதிய சிறு துண்டு ஒன்றைக் கொடுக்கலாம்.

ஆனால் சில்லறைத் தட்டுப்பாடு உச்சத்துக்கு வருவது சம்பள நாளை ஒட்டித்தான். வங்கியில் போடப்படும் சம்பளத்தை எடுக்க ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவயிலும் வரிசை நிற்கிறது. இயந்திரத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஆயிரமும் ஐயாயிரமும். அதைக் கொண்டு அரிசியும் மாவும் வாங்க எல்லாரும் ஒரே காலையில் கடைக்கு வருகிறார்கள். 340 ரூபாவுக்குப் பொருள் வாங்கி ஐயாயிரத்தை நீட்டினால் திருப்ப வேண்டியது 4,660: நான்கு ஆயிரம், ஒரு ஐந்நூறு, ஒரு நூறு, ஓர் ஐம்பது, ஒரு பத்து. இப்படிப் பதினைந்து பேர் வந்தால் கல்லாவில் நூறு ரூபா தீர்ந்துவிடும்.

நூறு ரூபா முதலில் தீர்வதற்கு ஒரு காரணம் நமது பண வரிசையிலேயே இருக்கிறது. கீழ்ப்படிகளில் ஒன்று, இரண்டு, ஐந்து. பத்து, இருபது, ஐம்பது என்று ஒழுங்காக ஏறுகிறோம். நூறுக்கு மேலே இரு நூறு இல்லை. நேரே ஐந்நூறுக்குத் தாவுகிறோம். 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்காகப் பிளாஸ்ரிக்கில் ஒரு 200 ரூபாத் தாள் வெளிவந்தது. புழக்கத்தில் அது நிலைக்கவில்லை. 2025இல் மத்திய வங்கியின் 75ஆவது ஆண்டை ஒட்டி 2,000 ரூபாத் தாள் வந்திருக்கிறது. மேல் படி நிரம்பிவிட்டது, நமக்கு வேண்டிய கீழ்ப்படி இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது. 400 ரூபா மிச்சம் கொடுக்க நான்கு நூறு வேண்டும். இரு நூறு இருந்தால் இரண்டு தாளில் முடியும். மலையகக் கிளைகளுக்கு நூறு ரூபாத் தாள் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக அனுப்பப்பட வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

சம்பளத்தைக் கையில் கொடுக்கும் தோட்டங்கள் இதில் பெரிய உதவி செய்ய முடியும். எடுத்துக்காட்டாக, 1,350 ரூபா வீதம் 19 நாள் பெயர் போட்டவருக்கு, அதாவது வேலை செய்தவருக்கு, 25,650 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,052 ரூபா கழிந்தால் 23,598. வேறு கழிவுகளை இங்கே விட்டுவிடுவோம். இந்தத் தொகையை ஆகக் குறைந்த தாளில் கொடுத்தால் நான்கு ஐயாயிரம், மூன்று ஆயிரம், ஓர் ஐந்நூறு, பிறகு 98 ரூபாவுக்கான சில்லறை என 14 உருப்படியில் முடிந்துவிடும். ஆபீசுக்கு எண்ணுவது சுலபம், ஆனால் வாங்கியவரிடம் ஒரு நூறு ரூபாத் தாள்கூட இல்லை. கடைக்குப் போனதும் சிக்கல்தான். அதையே இரண்டு ஐயாயிரம், பத்து ஆயிரம், நான்கு ஐந்நூறு, பதினைந்து நூறு, பிறகு ஓர் ஐம்பது, இரண்டு இருபது, ஓர் ஐந்து, ஓர் இரண்டு, ஓர் ஒன்று எனக் கொடுத்தால் 37 உருப்படி. எண்ணுவதற்கு நேரம் கூடும். ஆனால் மாதம் முழுவதும் பஸ்ஸுக்கும் கடைக்கும் மருந்துக்கும் பிரச்சினை இல்லை. முந்நூறு பேருக்கு இப்படிக் கொடுக்க 4,500 நூறு ரூபாத் தாள், அதாவது நூறு தாள் கொண்ட கட்டு 45 வேண்டும். சம்பளத்துக்கு முதல் நாள் போய்க் கேட்டால் எந்தக் கிளையிலும் இருக்காது. எத்தனை தாள், எத்தனை குத்தி என்ற பட்டியலை ஒரு வாரம் முன்னதாகவே எழுத்தில் கொடுக்க வேண்டும். செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டுக் கணக்கு முடியும் முன்பே கடந்த மாதத் தொகையை வைத்து இதை மதிப்பிடலாம். பெரிய வித்தியாசம் வராது. ஞாயிற்றுக்கிழமை பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்குக் கைக்காசு கொடுக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். அந்தத் தொகை கிலோவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எவ்வளவு முயன்றும் குத்தி கிடைக்காவிட்டால் 23,590ஐக் கொடுத்து, 8 ரூபாவை அடுத்த மாத வரவாகச் சம்பளத் துண்டில் எழுத வேண்டும். எழுதாத எட்டு ரூபா வராத எட்டு ரூபா.

குத்திகள் அச்சிடப்படாமல் போகவில்லை, வந்தவை நின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் மண் முட்டியில், சாமிப் படத்தட்டில், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையில், வீட்டு அலுமாரி டின்னில் நின்றுவிடுகின்றன. மொய் எழுதுவதில் 101, 501, 1,001 என்று வைப்பது நம் வழக்கம். வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாக் குத்தி வைப்பதும் அப்படியே. அந்தக் குத்தி இல்லாமல் காரியம் தொடங்காது. இது அழகான வழக்கம், விடக் கூடாது. ஆனால் கல்யாணம் முடிந்ததும் அந்த ஒரு ரூபாக்கள் பையோடு மேலே தூக்கி வைக்கப்பட்டு அடுத்த விசேடம் வரை இறங்குவதில்லை. தோட்டத்துக் கோயில் உண்டியல்கள் பலவும் திருவிழாவுக்கு ஒருமுறைதான் திறக்கப்படுகின்றன. நிர்வாகத்தினர் மாதந்தோறும், சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்பாக, இரு சாட்சிகளோடு உண்டியலைத் திறந்து எண்ணி, குத்திகளை ஊர்க் கடைக்கும் பஸ் நடத்துநருக்கும் மாற்றிக் கொடுக்கலாம். கோயிலுக்குக் கிடைப்பது வங்கியில் போட வசதியான தாள். ஊருக்குக் கிடைப்பது சில்லறை. யாருக்கும் ஒரு சதம் நட்டமில்லை.

இவ்வாறு எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவதைவிடத் தராசில் நிறுத்து எண்ணுவது வேகம்: நூறு குத்தியை ஒருமுறை கையால் எண்ணி நிறுத்து, அந்த நிறையை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த நூறுகளைத் தராசே சொல்லிவிடும். ஆனால் ஒரே பெறுமதிக் குத்தி எல்லாம் ஒரே உலோகமல்ல. பழைய இரண்டு ரூபாவில் காந்தம் ஒட்டாதது உண்டு. பின்னால் வந்தவற்றில் உருக்கின்மேல் நிக்கல் பூசியவை உண்டு. நிறை வேறுபடும். பத்து ரூபாவிலும் வட்டமல்லாத பழையதும் வட்டமான புதியதும் கலந்திருக்கின்றன. முதலில் காந்தத்தாலும் வடிவத்தாலும் பிரித்து, ஒவ்வொரு வகையையும் தனியாக நிறுக்க வேண்டும். கலந்து நிறுத்தால் கணக்குப் பிழைக்கும். வங்கி மேசையில் சண்டை வரும். பிரிக்காமல் அள்ளிக் கொண்டுபோன பையைக் காசாளர் வாங்கத் தயங்குவதற்கும் எண்ணும் நேரமே காரணம். நூறு நூறாகப் பிரித்து, பையின் மேல் பெறுமதியும் எண்ணிக்கையும் எழுதிக் கொண்டுபோனால் வேலை இலகு.

நமது மலைநாட்டு ஈரம் இன்னொரு சத்துரு. பூச்சுத் தேய்ந்த உருக்குக் குத்தி பொலித்தீன் பையில் வியர்த்தால் துருப்பிடிக்கும். நுவரெலியா, இராகலைப் பக்கத்து மழைக்காலத்தில் இது சீக்கிரமே நடக்கும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி டின்னில் வைப்பது நல்லது. தாள்களின் பாடு அதைவிட மோசம். நடத்துநர்கள் தாளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவதால் இருபதும் ஐம்பதும் நடுக்கோட்டில் கிழிகின்றன. கிழிந்ததை ஒட்டும்போது இரு பக்கத்துத் தொடரிலக்கமும் ஒன்றா என்று பார்த்து, நிறமில்லாத நாடாவால் ஒட்டி வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். இயல்பாகத் தேய்ந்த, கிழிந்த தாளை வங்கிகள் மாற்றித் தர வேண்டும். வேண்டுமென்றே எழுதியும் வெட்டியும் கெடுத்த தாளின் கதை வேறு. அவற்றுக்குப் பெறுமதி கிடையாது என மத்திய வங்கி அறிவித்துவிட்டது. ஆகவே தாளில் கணக்கு எழுதும் பழக்கத்தைக் கடைக்காரர்கள் விட வேண்டும். பழைய பத்து ரூபாத் தாளைச் "செல்லாது" என்று திருப்பிக் கொடுப்பதும் பிழை. அது இன்றும் செல்லும்.

சில்லறை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு முன்பே கண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்தில் சின்னக் காசு போதாமல் ஆலைகள் செம்பிலும் பித்தளையிலும் தங்கள் சொந்த வில்லைகளை அடித்துக் கூலி கொடுத்தன. இன்று டொபி செய்கிற வேலையை அன்று அந்த வில்லை செய்தது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1942இல் உலோகம் தட்டுப்பட்டபோது அரசாங்கம் சதங்களையே தாளில் அச்சிட்டது. அவற்றில் ஐந்து சதத் தாளின் நடுவே துளைக்கோடு போட்டிருந்தார்கள். கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம். போர்க்காலத்தில்கூட இரண்டு சத மிச்சம் மக்களுக்குச் சேர வேண்டும் என்று நினைத்து ஒரு தாளைத் துளையிட்டிருக்கிறார்கள். அந்த அக்கறைதான் இன்று வேண்டும்.

கைத்தொலைபேசியால் QR குறியை வருடிப் பணம் செலுத்தினால் சில்லறையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. டவுனில் அது நல்ல வசதி. பள்ளத்தாக்கிலுள்ள லயத்தில் சிக்னல் கிடைப்பதே பாடு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவில் பாதை மூடி, மின்சாரமும் தொடர்பும் அற்றுப்போன இடங்களில் வங்கி அட்டையால் ஒரு இறாத்தல் பாண்கூட வாங்க முடியவில்லை. வீட்டில் இருந்த காசுதான் உதவியது. அப்படியான நாளில் ஐயாயிரம் ரூபாத் தாளும் உதவாது. மாற்றிக் கொடுக்கக் கடையில் எதுவும் இருக்காது. மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் நூறு, ஐம்பது, இருபதாக இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாவைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்திருப்பது மெழுகுவர்த்தியும் நெருப்புப்பெட்டியும் வைத்திருப்பதுபோல அவசியம்.

நமது வேண்டுகோள்கள் இவை. மத்திய வங்கியின் மாத்தளை, நுவரெலியா பிராந்திய அலுவலகங்கள் மாதம் ஒருமுறை, சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில், ஹட்டன், தலவாக்கலை, இராகலை, மஸ்கெலியா போன்ற டவுன்களில் நாணயக் குத்தி மாற்றும் நாளை நடத்த வேண்டும். ஊவாப் பக்கத்துக்கு பதுளையிலும் பண்டாரவளையிலும். வங்கிக் கிளைகள் சிறு கடைக்காரருக்கு மாதம் இவ்வளவு குத்தி என்று ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு தோட்டத்துக் கடைக்கு ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஒவ்வொன்றிலும் நூறு குத்தியும், இருபது, ஐம்பது, நூறு ஒவ்வொன்றிலும் ஒரு கட்டும் சம்பள வாரத்துக்குப் போதும். மொத்தம் 18,800 ரூபாவுக்கு மேல் போகாது. பஸ் கட்டணத்தைத் திருத்துகிறவர்கள் குறைந்த தூரப் படிகளை ஐந்தின் மடங்கில், கீழ்நோக்கி, நிறுத்த வேண்டும்.

மிச்சம் தராத பஸ்ஸைப் பற்றி முறையிட வண்டி இலக்கம், வழித்தட இலக்கம், ஏறிய இடம், நேரம் நான்கும் வேண்டும். மாகாணங்களுக்கு இடையே ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஹட்டன் - மஸ்கெலியா போன்று மாகாணத்துக்குள்ளேயே ஓடும் தனியார் பஸ்களை மாகாணப் போக்குவரத்து அதிகார சபைதான் கவனிக்கிறது. அந்தச் சபையின் முறைப்பாட்டு இலக்கத்தைத் தமிழிலும் பஸ்ஸுக்குள் பெரிதாக எழுதி ஒட்டச் செய்வது மாகாண அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

இங்ஙனம்,
சில்லறை வியாபாரி ஒருவர்,
தலவாக்கலை.